சுவரில் விழுந்த முதல் ஸ்லைடு

குடிகாடு சமுதாயக் கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டார்கள். வெளிச்சம் வந்தால் சுவரில் படம் தெரியாதாம். சாத்தியதும் புழுக்கம் கூடியது. முந்தின நாள் அங்கே ஒரு காதுகுத்து நடந்திருந்தது. சாம்பாரும் ஊதுபத்தியும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. சுவரில் மிச்சமிருந்த ஜிகினாத் தாள் ஒன்று மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது.

நான் லேப்டாப்புக்கு முன்னால் நின்றேன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் என் ஊர்க்காரர்கள். முதல் வரிசை ஓரத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் மேனேஜர். கடைசி வரிசையில், மகளை மடியில் வைத்துக்கொண்டு என் நாத்தனார் செல்வி. அவள் என்னோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திரையில் இரண்டு ஃபைல்கள் அடுத்தடுத்து இருந்தன. உள்ளே இருக்கும் ஸ்லைடுகள் எல்லாம் ஒன்றேதான். முதல் ஸ்லைடு மட்டும் வேறு. ஒன்றில் தொழிற்சாலையின் புல்வெளியும் பூச்செடிகளும். இன்னொன்றில் படமே கிடையாது. ஒரே ஒரு கேள்வி.

எதைப் போட வேண்டும் என்று மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் விரல் நடுவில் நின்றது.

“கரண்ட்டு போறதுக்குள்ள ஆரம்பிம்மா” என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

பலாப்பழ வாசனை

இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறேன், நான் அண்ணாமலை நகரில் வளர்ந்தவள். அப்பா அங்கே மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தார். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்த கையோடு குடிகாட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் சேகர் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். கல்யாணமான மறு வருஷமே, நாங்கள் எஸ்டேட் என்று சொல்லும் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலில் லேப், பிறகு பாதுகாப்புப் பிரிவு.

எங்கள் தெருவுக்கும் தொழிற்சாலையின் பின்மதிலுக்கும் நடுவில் ஒரு கருவேலங்காடு மட்டும்தான். மதிய ஷிஃப்ட் முடிந்து பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். வந்ததும் துணியை மாற்றிவிட்டுக் குளித்தால்தான் அடுப்படிக்குள் போவேன். அதை மாமியார் ஆசாரம் என்று நினைத்துப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு வாசனை புதிதில்லை. ‘இன்னிக்கு முட்டைக்கோஸ்’ என்பார்கள். ‘இன்னிக்கு நகப்பூச்சு’ என்பார்கள். எந்த வாசனை எந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நான் சமுதாயக் கூடத்தில் நிற்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் சாயங்காலம் வந்தது அழுகின பலாப்பழ வாசனை. பண்ருட்டிச் சந்தையில் வெயிலில் கிடக்கும் சுளையின் வாசனை. தித்திப்பாக வந்து தொண்டையில் கரகரவென்று பிடித்தது.

நான் அப்போது தொழிற்சாலைக்குள் இருந்தேன். எங்கள் வாயு அளவுமானிகள் ஒன்றும் காட்டவில்லை. கேட்டுக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று செக்யூரிட்டி ஓடிவந்தார். மேனேஜரோடு நானும் போனேன். கூட்டத்தின் முன்னால் செல்வி. இடுப்பில் மகள் தர்ஷினி. அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கழுத்தெலும்புக்கு மேலே ஒரு குழி விழுந்தது.

“அண்ணி, எந்தப் பக்கம் ஓடறது? சொல்லு, எந்தப் பக்கம்?”

பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். “ஓடாத செல்வி. வீட்டுக்குள்ள போயி கதவ ஜன்னல சாத்திக்க. ஈரத்துணி வச்சிக்க.”

“எந்தக் கதவ? மழைக்கு ஊறிப்போயி சாத்த வரலன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அவள் வீட்டுக் கதவை இழுத்துப் பார்த்து நானே கையைக் கீறிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் “நாங்க பாத்துக்கறோம்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் நின்ற இடத்தையும் பார்த்தாள். கேட்டின் கம்பிகளுக்கு உட்புறம், மேனேஜர் பக்கத்தில். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இரண்டொரு நாளில் தர்ஷினி நன்றாகத்தான் திரும்பி வந்தாள். செல்விதான் என் பக்கம் திரும்பவில்லை. பைப்படியில் பார்த்தால் குடம் நிரம்புவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நமதா, எங்களதா?

ஊருக்குள் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. “நீங்களே பேசுங்க வளர்மதி. ஊரு மருமகளே சொன்னா கேப்பாங்க” என்றார் மேனேஜர்.

அவர் ஈரோட்டுக்காரர். கெட்டவர் இல்லை. குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கடலூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். சத்தமாகப் பேசும் மனிதர்களைக் கண்டால் அவருக்குக் கை வியர்க்கும். கைக்குட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஸ்லைடுகள் எல்லாம் தலைமை அலுவலகத்திலேயே ஆங்கிலத்தில் தயாராகி வந்துவிட்டன. முதல் ஸ்லைடு மட்டும் காலி. “உள்ளூர்த் தமிழ்ல நீங்களே ஒண்ணு செஞ்சுருங்க. அதைப் பாத்ததும் சனங்களுக்கு நம்பிக்கை வரணும். அவ்ளோதானுங்க.”

அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ‘நமது பாதுகாப்பு’ என்று தட்டினேன். செல்வி கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்த ‘நமது’வைப் பார்ப்பதாக நினைத்துப் பார்த்தேன். அழித்தேன். ‘எங்கள் பாதுகாப்பு முறைகள்’ என்று தட்டினேன். எங்கள் என்றால் நானும் கம்பனியும். ஊர் வெளியே போய்விட்டது. அதையும் அழித்தேன். ‘உங்கள் பாதுகாப்பு’ என்றால் நானும் என் வீடும் எங்கே இருக்கிறோம்? அதே தெருவில் அதே காற்றைத்தானே நானும் சுவாசிக்கிறேன்?

வீட்டில் சேகரிடம் கேட்டேன். கிரீஸ் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, “எதுவா இருந்தாலும் உன் பேரப் போடாத” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “ஊர்ல நாம இருக்கணும் இல்ல?” என்றார். என் பேரைப் போடாவிட்டால் பேசுவது நான்தான் என்று ஊருக்குத் தெரியாமல் போய்விடுமா என்ன? எனக்குக் குழப்பம் ஜாஸ்திதான் ஆனது.

மாமாவின் புழு

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். அக்கா வீட்டுக்காரர் பாஸ்கர் மாமா அண்ணாமலை நகரில் டைப்பிங், பைண்டிங் கடை வைத்திருக்கிறார். ஆராய்ச்சி மாணவர்களின் வாய்மொழித் தேர்வுக்கு ஸ்லைடு போட்டுக் கொடுப்பதுதான் முக்கியத் தொழில். பசை வாசனையும் சூடான ஜெராக்ஸ் தாளின் வாசனையும் அந்தக் கடையில் எப்போதும் உண்டு. எத்தனையோ டாக்டர் பட்டங்களின் முதல் ஸ்லைடு அவர் கையால் ஆனது.

“முதல் ஸ்லைடுன்றது ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா” என்றார் மாமா. “யுனிவர்சிட்டி சின்னம் மேல. தலைப்பு நடுவுல. பையன் பேரு எடது பக்கம், கைடு பேரு வலது பக்கம். கைடு பேரு ஒரு பாயின்ட் பெரிசா இருக்கணும், ஆனா பெரிசா இருக்குதுன்னு தெரியக் கூடாது. வந்தவங்க ஒக்காந்து மூக்குக் கண்ணாடி மாட்டறதுக்குத்தான் அந்த ஸ்லைடு.”

அதை அவர் உறுதியாகச் சொன்னார். ஆனால் அடுத்த நிமிஷமே திட்டக்குடிப் பையன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவன். மக்காச்சோளத்தைத் தின்னும் புழுவைப் பற்றி ஆராய்ச்சி. அவர்கள் வீட்டு மக்காச்சோளக் கொல்லையே அந்தப் புழுவால் மொட்டையாகிப் போனதாம். முதல் ஸ்லைடு முழுக்கப் புழுவின் படம்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறான். பெரியவர்கள் டீ பிஸ்கட்டோடு உட்கார்ந்திருக்கும்போது இவ்வளவு பெரிய புழுவா என்று மாமா அதை எடுத்துவிட்டு, சின்னமும் பேர்களும் மட்டும் வைத்துக் கொடுத்திருக்கிறார். தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி: “புழு எங்கப்பா?”

“பட்டம் கெடைச்சிடுச்சா மாமா?”

“அதெல்லாம் கெடைச்சிது. ஆனா அந்தப் புழுவ வச்சிருக்கணுமா வேணாமான்னு எனக்கு இன்னி வரைக்கும் கொழப்பந்தான்.” விரலில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டே மாமா சொன்னார்.

விடை தேடி வந்த இடத்தில் இன்னொரு குழப்பம். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ‘நமது’ என்று தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தேன். வெளியே ரயில்வே கேட் சாத்தி, திறந்து, மறுபடியும் சாத்தினார்கள்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். நான் அழிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “அன்னிக்கு கேட்ல செல்வி என்னாடி கேட்டா?” என்றாள்.

சொன்னேன்.

“அதுக்கு ஒங்க ஸ்லைடுல பதில் இருக்குதுல்ல? அப்பறம் என்னா, அவ கேட்டதையே மொதல்ல போடு. கேட்டவளுக்குப் பதில் சொல்லப் போறன்னு ஆவுது.”

சரியாகத்தான் பட்டது. வெள்ளைப் பின்னணி. கறுப்பு எழுத்து. மாமாவே பெரிதாக வைத்துக் கொடுத்தார்:

சங்கு ஊதினா எந்தப் பக்கம் ஓடணும்?

தொழிற்சாலையின் அபாய சைரனை எங்கள் ஊரில் சங்கு என்றுதான் சொல்வோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நல்ல தூக்கம். ஆலப்பாக்கம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

பதில் எந்த ஸ்லைடில்?

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

“கேள்வி நல்லாத்தாங்க இருக்குது. பதில் எந்த ஸ்லைடுல வருது?”

நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஹெல்மெட். கையுறை. தீயணைப்பான். அபாயம் வந்தால் கூட வேண்டிய இடம் என்று பச்சைப் பலகையின் படம் ஒன்று. அந்தப் பலகை தொழிற்சாலைக்கு உள்ளே, புல்வெளி ஓரமாக இருப்பது. ஊர்க்காரர் அங்கே வந்து சேர வேண்டுமென்றால் வாசனை வரும் திசையை நோக்கி ஓடிவந்து மதில் ஏற வேண்டும். அதற்கடுத்து ‘நன்றி’ வந்துவிட்டது.

மறுபடியும் முதலிலிருந்து தள்ளினேன். பதில் இல்லை.

இந்த ஸ்லைடுகளை நான் அதற்கு முன் பலமுறை பார்த்திருக்கிறேன். படித்துத் தமிழும் ஆக்கியிருக்கிறேன். ஊருக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லாதது அப்போதுதான் கண்ணில் பட்டது.

“பதில் இல்லாத கேள்விய நாமளே கொண்டுபோயி செவத்துல போடக் கூடாதுங்க வளர்மதி. அது நம்மள நாமளே மாட்டிவிட்டுக்கறது. புல்வெளிப் படத்தப் போடுங்க. ‘நமது தொழிற்சாலை, நமது பாதுகாப்பு’. முடிஞ்சுது.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. புல்வெளிப் படத்தோடு இன்னொரு ஃபைல் செய்தேன். பழையதை ஏன் அழிக்காமல் அதே லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை.

கூடத்தில்

ஆக, சமுதாயக் கூடம். புழுக்கம். இரண்டு ஃபைல்கள். கரண்ட் போவதற்குள் ஆரம்பிக்கச் சொன்ன குரல்.

விரலை வைத்து அழுத்தினேன்.

சுவரில் கேள்வி விழுந்தது. மாமா வைத்த எழுத்து எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது. ஜன்னலிலிருந்து ஜன்னல் வரைக்கும் இருந்தது. தெரிந்து அழுத்தினேனா, தடுமாறி அழுத்தினேனா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இன்றுவரை என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் படித்து முடித்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: “அதத்தான் நாங்களும் கேக்கறோம்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“கெழக்காலதான் ஓடணும். கடல் பக்கம் காத்து நல்லா இருக்கும்.”

“கெழக்கால உப்பனாறு குறுக்க கெடக்குது. நீஞ்சுவியா?”

“அப்ப மேற்கால, ரோட்டுக்கு.”

“ரோட்டுக்குப் போவணும்னா கம்பனிய ஒட்டித்தான்டா போவணும்!”

“சாயங்காலத்துல கடல்காத்து. பொகை மேற்கால போயிடும், நமக்கு ஒண்ணுமில்ல.”

“அன்னிக்கு சாயங்காலந்தான வந்துச்சு?”

என்னிடம் கேட்டார்கள். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போகும்படி கையால் சைகை காட்டினார். அடுத்தது ஹெல்மெட். இத்தனை பேர் எழுந்து நின்று கேட்கும்போது ஹெல்மெட்டைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்படியே நின்றேன்.

கடைசி வரிசையில் செல்வி எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேனேஜரைப் பார்த்துதான் பேசினாள்.

“சார், எம்பொண்ணத் தூக்கிக்கினு நான் அன்னிக்கு ஒங்க கேட்டுக்குத்தான் ஓடியாந்தேன். வேற எங்க ஓடறதுன்னு தெரியல. வாசன வந்த எடத்துக்கே ஓடியாந்தேன் சார்.”

அவள் அழவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் எழுந்தார். சுவர்ப் பக்கம் நடந்தார். ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் கேள்வியின் பாதி எழுத்துகள் அவர் சட்டையில் விழுந்தன. தொழிற்சாலை எடுத்திருக்கும் முன்னெச்சரிக்கைகளைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அந்த உரை எனக்கு மனப்பாடம்.

“எனக்கும் தெரியலீங்க” என்றார்.

கைக்குட்டையில் உள்ளங்கையைத் துடைத்தார்.

“உள்ள வேல செய்யறவங்க எங்க நிக்கணும்னு எழுதியிருக்குதுங்க. வெளிய இருக்கறவங்களுக்கு எழுதலீங்க. காத்துக்குக் குறுக்க போகணும், அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க எங்களுக்கு உள்ள ஒரு பை கட்டியிருக்குது. அது மதிலுக்கு இந்தப் பக்கம் தெரியாதுங்க.”

சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. அந்த ஆள் தெரியாது என்று ஒப்புக்கொண்டது ஊருக்குப் பெரிய குழப்பமாகிவிட்டது. திட்டத் தயாராக வந்தவர்கள் எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், “அப்ப அந்தப் பைய ஊருக்குள்ளயும் ஒண்ணு கட்டுங்க. தண்ணி டேங்க் மேல கட்டுங்க” என்றார். கூட்டம் அதோடு முடிந்தது. முதல் ஸ்லைடைத் தாண்டி நாங்கள் போகவே இல்லை.

ஜீப்பில்

தொழிற்சாலைக்குத் திரும்பும்போது மேனேஜர் கேட்டார். “ஏனுங்க மாத்திப் போட்டீங்க?”

“தெரியல சார்.”

“தெரியலீங்களா?”

“ரெண்டு ஃபைலும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு சார்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, கோபப்பட்டாரா? எனக்கு அவருடைய காது மட்டும்தான் தெரிந்தது.

கொஞ்ச நாளில் என்னைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். “மேல கேட்டாங்க. கொஞ்ச நாளைக்கு அங்க இருங்க. அதுதான் உங்களுக்கு நல்லது” என்றார் மேனேஜர். தண்டனையா, என்னைக் காப்பாற்றினாரா என்று விளங்கவில்லை. ஸ்டோரில் சாக்குகளுக்கும் டிரம்களுக்கும் நடுவில் யாரும் என்னிடம் ஸ்லைடு கேட்கவில்லை. அது நிம்மதியாகவும் இருந்தது, வெறுமையாகவும் இருந்தது.

அதே சமயத்தில் தண்ணீர் டேங்க் மேல் பையும் கட்டினார்கள். ஆரஞ்சும் வெள்ளையுமாக, காற்றில் உப்பி நீண்டு பறக்கும். பிள்ளைகள் அதற்கு ‘ஒத்தக் கால் பேன்ட்’ என்று பேர் வைத்தார்கள். காலையில் எழுந்ததும் அதை அண்ணாந்து பார்ப்பது தெருவுக்கே வழக்கமாகிவிட்டது. செல்வி பைப்படியில் குடம் நிரம்பும் வரை நிற்க ஆரம்பித்தாள். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை.

ஒத்திகை

பிறகு ஒரு நாள், ஊருக்கான முதல் ஒத்திகை. ஆட்டோவில் மைக் கட்டி முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எனக்கு அன்று வார விடுமுறை. வெயில் ஏறி, கரைக்காற்று அடங்கி, கடல்காற்று இன்னும் எழும்பாத நேரம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று தெரியவில்லை.

சங்கு ஊதியது. வீடுகளிலிருந்து எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். எல்லாரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தோம்.

பை ஆடாமல் அசையாமல், கொடியில் காயப்போட்ட துணிபோல நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை.

யாரோ ஒருவர் ஒரு பிடி மணலை எடுத்துத் தூவிப் பார்த்தார். அது அவர் காலடியிலேயே விழுந்தது. “கொஞ்சம் இரு, காத்து வரும்” என்றார் இன்னொருவர். சங்கு விடாமல் அலறிக்கொண்டிருந்தது. நாங்கள் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு காற்றுக்காக நின்றோம்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். செல்வி. தர்ஷினியைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். பிறகு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“போ அண்ணி.”

எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். குழந்தையின் கை என் கழுத்தை இறுக்கியது. எந்தத் திசை என்று யோசிக்காமல் தெருவின் தென்கோடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். செல்வி பக்கத்திலேயே வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஏகப்பட்ட காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

தெரு முழுவதும் என் பின்னால் வந்துகொண்டிருந்தது. எனக்கு வழி தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். நான் நிற்கவில்லை.